கடல் பார்க்கப் போன வழி

சித்திரை பிறந்துவிட்டால் நாட்டின் நாலா பக்கங்களிலிருந்தும் மக்கள் நுவரெலியாவுக்கு ஏறி வருவார்கள். கிரகரி வாவியும் குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் அவர்களுக்கு வேண்டும். எல்லாவற்றிலும் மேலாக அந்தக் குளிர் வேண்டும். ஆண்டு முழுவதும் அதே குளிருக்குள் கிடக்கும் எங்களுக்கோ விடுமுறை என்றதும் நினைவுக்கு வருவது கடல்தான். மலையில் பிறந்த பிள்ளைக்கு ஒருமுறையாவது கடலைக் காட்டிவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்துப் பெற்றோர் பலருடைய ஆசை.

நீர்கொழும்பு, காலி, திருகோணமலை என்று பலரும் போவார்கள். 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் நாங்கள் அட்டனிலிருந்து மன்னார்க் கரைக்குப் புறப்பட்டோம். "மன்னாரிலே என்ன சேர் இருக்கு? வெயிலும் கருவாடும்தானே!" என்று உடன் படிப்பிக்கும் நண்பர் ஒருவர் சிரித்தார். அன்று அவருக்கு நான் விடை சொல்லவில்லை. அந்த விடையைத்தான் இன்று நேயர்களோடு பகிர்ந்துகொள்ள எண்ணுகிறேன்.

வாடகைக்குப் பிடித்த வானில் நானும் மனைவியும் பத்து வயது மகளும் எழுபது கடந்த என் தாயாரும் ஏறிக்கொண்டோம். மூன்று நாள் பயணம். அவசரம் வேண்டாம், நினைத்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் போகலாம் என்று சாரதித் தம்பியிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். உல்லாசப் பயணந்தான். ஆயினும் அந்த வழியை நான் தெரிந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. நம் முன்னோர் எந்த வழியாக மலைக்கு வந்தார்களோ, அந்த வழியைத் தலைகீழாகப் பிடித்துக் கடல்வரை போய்ப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

கினிகத்தேனை இறக்கம் முடிந்து நாவலப்பிட்டியையும் கடந்து கம்பளையை அடைந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கதை இங்கேதான் தொடங்குகிறது. 1820களில் ஜோர்ஜ் பேர்ட் என்ற ஆங்கிலேயர் கம்பளைக்கு அருகே சிங்ஹாபிட்டியவில் கோப்பித் தோட்டம் திறந்தார். அப்போதைய ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் தாமும் பேராதனைக்கு எதிரே கன்னொறுவையில் கோப்பி பயிரிட்டார். காடு வெட்டவும் கன்று நடவும் பழம் பறிக்கவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். கண்டிச் சீமையின் குடியானவருக்குத் தம் வயலும் சேனையும் இருந்தன; பிறர் தோட்டத்தில் நாட்கூலிக்கு நிற்க வேண்டிய தேவை அவர்களுக்குப் பெரிதாக இருக்கவில்லை. எனவே வெள்ளைத் துரைமாரின் பார்வை கடலுக்கு அப்பால், பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் வாட்டிய தமிழகக் கிராமங்களின் மீது விழுந்தது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். "நம் பாட்டன்மார் தேயிலைக்கு வந்தவர்கள்" என்று நாம் வழக்கமாகச் சொல்கிறோம். தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசைகாட்டி அழைத்து வந்தார்கள் என்ற கதையும் தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகிறது. ஆனால், முதலில் கால்நடையாக வந்தவர்கள் தேயிலைச் செடியைக் கண்டவர்களல்லர். அவர்கள் கோப்பிக்கு வந்தவர்கள். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867ஆம் ஆண்டில்தான். கோப்பி இலைகளில் துருநோய் கண்டது 1869இல். அதே 1869இல் ஆபிரகாம் ஜோசப் என்பவரின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' அச்சேறியது. கோப்பிப் பயிர்ச்செய்கையைக் கும்மியாக்கிய நூலும் அந்தப் பயிரைக் கொன்ற நோயும் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தன! அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து தேயிலை மலையைப் பிடித்துக்கொண்டது. தேயிலைக்கு முன்பே நம்மவர் இம்மண்ணுக்கு வந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றிருந்தது.

கண்டியைத் தாண்டி மாத்தளைக்கு வந்ததும் முத்துமாரியம்மன் கோவிலுக்கு முன் வானை நிறுத்தினோம். மாசிமகத்தில் ஐந்து தேர்கள் ஓடும் கோவில் அது. நாங்கள் போன நேரத்தில் வீதி அமைதியாக இருந்தது. அம்மா நெடுநேரம் கும்பிட்டு நின்றார்கள். காட்டு வழியாக நடந்து வந்தவர்களுக்கு மாத்தளை முதல் மலைவாசல். உயிர் தப்பி வந்து சேர்ந்தவர்கள் மாரியம்மனை நினைத்துக் கையெடுத்த இடம். அங்கிருந்துதான் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து கண்டிக்கும் கம்பளைக்கும் அதற்கு அப்பாலுள்ள மலைகளுக்கும் போனார்கள்.

மாத்தளைக்கு வடக்கே வாசனைத் தோட்டங்களும் பழக்கடைகளுமாகப் பாதை நீளுகிறது. உல்லாசப் பயணிகளின் வாகனங்கள் வரிசையாக நின்றன. தம்புள்ளையைக் கடந்ததும் மலைகள் பின்னே போய், நிலம் தட்டையாகி, காற்று சூடாகிறது. ஒரு குளக்கட்டின் மீது மருத மர நிழலில் சோற்றுப் பார்சல்களைப் பிரித்துச் சாப்பிட்டோம். அப்போது மகள் கேட்டாள்: "அப்பாயி, நம்ம பாட்டன்மாரு இந்த வழியாலயா வந்தாங்க? எத்தனை மணித்தியாலம் நடந்தாங்க?"

அம்மா சிரித்தார்கள். "மணித்தியாலக் கணக்கு இல்லை ஆயி. நாள் கணக்கு."

பிள்ளைக்குச் சொன்னதைச் சற்று விரித்து நேயர்களுக்குச் சொல்கிறேன். தஞ்சை, திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் ஆகிய பகுதிகளிலிருந்து கங்காணி ஆள் திரட்டுவார். முன்பணம் கொடுப்பார், அந்த முன்பணமே கடனாகி ஆளைக் கட்டிப்போடும். அங்கிருந்து தொண்டிக்கோ தேவிபட்டினத்துக்கோ பாம்பனுக்கோ நடை. பிறகு தோணி. மன்னார்க் கரையில் இறங்கியதும் மறுபடியும் நடை. தலைமன்னாரிலிருந்து மன்னார், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குச் சுமார் 150 மைல். அன்று அதில் பெரும்பகுதி காடு. கோடையில் குடிக்கத் தண்ணீர் இல்லை. மாரியில் பாதையே தண்ணீர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழித்துணையாக வந்தன. நடக்க முடியாதவர்கள் வழியோரத்தில் கிடத்தப்பட்டார்கள். கூட்டம் நின்றால் எல்லோருக்கும் ஆபத்து. ஆகவே கூட்டம் போய்க்கொண்டே இருந்தது.

இறந்தவர்கள் எத்தனை பேர்? 1840களில் மட்டும் எழுபதினாயிரம் பேர் வழியிலும் தோட்டங்களிலுமாக மாண்டனர் என்று கொழும்பு ஒப்சர்வர் பத்திரிகை 1849இல் எழுதியது. அந்தத் தொகையை மிகையென்பாரும் உளர். வந்தவர் போனவர் கணக்கே அக்காலத்தில் ஒழுங்காக வைக்கப்படவில்லை. எந்தப் படகில் எத்தனை மூட்டை அரிசி வந்தது என்று எழுதி வைத்த சுங்கத்தார், எந்தப் பாதையில் எத்தனை உயிர் போனது என்று எழுதி வைக்கவில்லை. 1858இல் குடிவரவுத் தொழிலாளர் ஆணைக்குழு அமைந்த பின்னரே வழியில் தங்கு மடம், கிணறு என்று சில ஏற்பாடுகள் நடந்தன. அதுவும் இரக்கத்தால் மட்டுமன்று. ஆள் சாகச் சாகக் கோப்பி மரத்திலேயே உதிர்ந்தது என்பதும் ஒரு காரணம்.

இன்னொன்றும் உண்டு. கோப்பி பறிப்பு ஆண்டில் சில மாத வேலை. பறிப்பு முடிந்ததும் பலர் வந்த வழியே ஊர் திரும்பினார்கள். மடியில் முடிந்த சில காசுகளோடு அதே காட்டைக் கடந்து, அதே கடலைத் தாண்டி, அடுத்த ஆண்டும் வந்தார்கள். எனவே அந்தப் பாதை வந்த பாதை மட்டுமன்று, போன பாதையுந்தான்.

பிள்ளை சிறிது நேரம் பேசாதிருந்தாள். பிறகு தன் செருப்பைப் பார்த்தாள். "அவங்க செருப்புப் போட்டிருந்தாங்களா?" என்று கேட்டாள். நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை.

மதவாச்சியில் இடப்பக்கம் திரும்பினால் மன்னார்ப் பாதை. செட்டிகுளம், மடுச்சந்தி, முருங்கன் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கட்டுக்கரைக் குளத்தின் நீர்ப்பரப்பைக் கண்ட மகள் "கடல், கடல்!" என்று கூவினாள். அது கடலன்று, பழைய வேந்தர் காலத்துக் குளம் என்று சொன்னபோது ஏமாந்து போனாள். மாலை ஐந்தரை மணிக்கு நிலத்தையும் மன்னார்த் தீவையும் இணைக்கும் தாம்போதியில் வான் ஏறியது. இருபுறமும் நீர், ஆழமில்லாத அமைதியான நீர். அதற்கு அப்பால் மன்னார்க் கோட்டை. இப்போது பிள்ளை கூவவில்லை. வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முதல் கடல் அது.

அடுத்த நாள் முழுவதும் கரையோர ஊர்களில் ஆறுதலாகத் திரிந்தோம். போர்த்துக்கேயர் 1560இல் கட்டி, ஒல்லாந்தர் கைப்பற்றித் திருத்தியமைத்த கோட்டையின் மதில் மீது நின்றோம். பள்ளிமுனையில் அராபிய வணிகர் கொண்டுவந்தது என்று சொல்லப்படும் பெருக்க மரத்தைக் கைகோத்து அளக்கப் பார்த்துத் தோற்றோம். தெருவில் உரிமையோடு உலாவும் கழுதைகள் மகளுக்குப் பெரிய வேடிக்கை. நிலப்பக்கம் திரும்பி வந்து, திருக்கேதீஸ்வரத்தில் பாலாவிக் கரையில் அமர்ந்தோம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். போர்த்துக்கேயர் இடித்த கோவில். மீண்டும் எழுப்ப வேண்டும் என்று 1872இல் ஆறுமுக நாவலர் குரல் கொடுத்த கோவில். மாதோட்டத் துறைமுகத்தின் பெருமையை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்றுதான் அந்த மண்ணில் கால் வைத்தேன்.

பிறகு தெற்கே வங்காலை. பறவைகளுக்கான அந்தச் சேற்று நிலம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. அதைக் கடந்தால் அரிப்பு. சின்னஞ்சிறு கடலோர ஊர். ஆனால் உலக வரலாற்றில் அதற்கு ஒரு நாற்காலி உண்டு. கண்டி அரசனிடம் ஏறத்தாழ இருபது ஆண்டு சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1679இல் தப்பி ஓடிவந்து சேர்ந்தது இங்கிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத்தான். அவர் எழுதிய நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. பிரித்தானியரின் முதல் ஆளுநர் பிரெடரிக் நோர்த் முத்துக் குளிப்பை மேற்பார்வை செய்யவென்று கட்டிய மாளிகை, கடல் அரித்து அரித்துச் செங்கல் குவியலாகக் கரையில் நிற்கிறது. அதன் நிழலில் அமர்ந்து வாங்கி வந்த நுங்கைச் சாப்பிட்டோம். சோளகக் காற்று மணலை அள்ளி வீசிக்கொண்டிருந்தது.

அப்போது எனக்கு ஓர் எண்ணம் எழுந்தது. காட்டு வழியாகத் தப்பி வந்த ஒரே ஓர் ஆங்கிலேயனின் பயணம் நமக்கு நாள்வாரியாகத் தெரியும். என்ன தின்றான், எந்த ஆற்றங்கரையில் ஒளிந்தான் என்பதெல்லாம் அச்சில் இருக்கின்றன. அதே வடக்குக் காட்டைக் கடந்து எதிர்த்திசையில் வந்த இலட்சக்கணக்கான தமிழரில் ஒருவருடைய பயணக் குறிப்பாவது நம்மிடம் இருக்கிறதா? முத்துக்கு மாளிகை இருக்கிறது. பீரங்கிக்குக் கோட்டை இருக்கிறது. பாடலுக்குக் கோவில் இருக்கிறது. இந்தக் கரையில் இறங்கிய மனிதருள் எண்ணிக்கையால் மிகப் பெரிய கூட்டம் நம்முடையது. அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

பிறரைக் குறைசொல்லிப் பயனில்லை. என் குடும்பத்தையே எடுத்துக்கொள்கிறேன். பூட்டன் எந்த ஆண்டில் வந்தார், நடந்து வந்தாரா, புகையிரதத்தில் வந்தாரா என்று எனக்குத் தெரியாது. அம்மாவிடம் கேட்டேன். "தொண்டித் துறையிலே தோணி ஏறி வந்தாங்கன்னு எங்க அப்பா சொல்லுவாரு" என்றார்கள். அவ்வளவுதான். ஒரு துறைமுகத்தின் பெயர் மட்டும் நூறாண்டுக்கு மேலாக வாய்வழியே வந்திருக்கிறது. அம்மாவுக்குப் பின் அதுவும் இராது.

மூன்றாம் நாள் காலை பேசாலை வழியாகத் தலைமன்னாருக்குப் போனோம். பேசாலைக் கரையில் படகுகள் வந்திறங்கிய நேரம். மீன் கூறும் சத்தமும் உப்பு வாடையும் சேர்ந்து எழுந்தன. தென்கரையில் 2020இல் இயங்கத் தொடங்கிய முப்பது காற்றாலைகள் வெள்ளை வெள்ளையாய்ச் சுழன்றுகொண்டிருந்தன. பனைமரங்களுக்கு இடையே பாதை ஓடி, தீவின் முனையில் கலங்கரை விளக்கத்தருகே முடிகிறது. அதற்கு அப்பால் சிதைந்த இறங்குதுறை கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. இராமர் அணையின் மணல் திட்டுகள் தொடங்குவது இங்கேதான். எதிர்க்கரை சுமார் இருபது மைல்.

பாம்பன் பாலம் திறந்ததும், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியதும் 1914இல். அதற்கு முன்பே மாத்தளைக்கு 1880இலும் அட்டனுக்கு 1884இலும் புகையிரதம் வந்துவிட்டது. தலைமன்னார்ப் பாதையும் சேர்ந்தபின் 150 மைல் நடை முடிந்தது. ஆனால் நடை முடிந்ததே தவிர நடத்தை மாறவில்லை. மண்டபம் முகாமில் அடைத்து வைத்து, மருந்தடித்து, எந்தத் தோட்டத்துக்குரிய ஆள் என்பதைக் காட்டும் தகரத் துண்டைக் கழுத்தில் தொங்கவிட்டுத்தான் ஏற்றி அனுப்பினார்கள்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் இந்தத் துறையை நாம் வரவின் துறை என்று சொல்லி அமைந்திருக்கலாம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவராக்கியது. 1964 ஒக்ரோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரு நாட்டுத் தலைவர்களும் எண்ணிப் பிரித்தார்கள். அந்த ஒன்றரை இலட்சத்தையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பின் கப்பல் இராமேசுவரத்துக்கு ஓடியது. மலையகத்து நிலையங்களில் அவர்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்துக்கு மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'.

என் பெரியம்மா, அம்மாவின் மூத்த சகோதரி, 1970களில் அந்தக் கோச்சியில் போனவர். அவர் குடும்பம் நீலகிரியில் கூடலூர்ப் பக்கம், தாயகம் திரும்பியோருக்கெனத் தமிழக அரசு திறந்த தேயிலைத் தோட்டத்தில் குடியேறியது. ஒரு தேயிலை மலையிலிருந்து இன்னொரு தேயிலை மலைக்கு! அம்மா அட்டன் நிலையத்து மேடையோடு நின்றுவிட்டவர்கள். அதற்கு அப்பால் அக்கா போன வழியை அவர்கள் பார்த்ததே இல்லை.

இறங்குதுறையின் முன் அம்மா நெடுநேரம் நின்றார்கள். காற்றில் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு, "இங்கேருந்துதான் கப்பல்ல ஏறினாளா தம்பி?" என்று கேட்டார்கள்.

"ஆமாம்மா."

"கரை தெரியுமா?"

"கண்ணுக்குத் தெரியாதும்மா. ஆனா கிட்டத்தான்."

"இவ்வளவு கிட்டவா?" என்றார்கள் அம்மா. பெரியம்மா இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இடையில் போர் வந்தது. 1980களில் கப்பல் நின்றது. 1990இல் தண்டவாளமும் ஓய்ந்தது. 2015இல் புகையிரதம் மீண்டும் தலைமன்னாரைத் தொட்டபோது, வழியனுப்பியவர்களிலும் போனவர்களிலும் பலர் இல்லை.

மகள் அலையில் கால் நனைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் மெல்ல இறங்கிப் போய்க் கடல்நீரைக் கையில் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார்கள். அதைத் தீர்த்தமாக நினைத்தார்களா, தங்கைக் கடனாக நினைத்தார்களா என்று நான் கேட்கவில்லை.

நேயர்களே, 2023 யூலை 28ஆம் நாள் தலைமன்னாரில் புறப்பட்ட ஒரு கூட்டத்தார், முன்னோர் நடந்த பாதையிலேயே நடந்து ஓகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தார்கள். மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றதை நினைவுகூர்ந்த நடைபயணம் அது. பதினாறு நாள்! வழியெல்லாம் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் தண்ணீரும் உணவும் கொடுத்தார்கள் என்று கேட்டபோது, அன்று வழியில் வீழ்ந்தவர்களுக்குக் கிடைக்காத அந்த ஒரு மிடறு தண்ணீர் என் நினைவுக்கு வந்தது.

எல்லோராலும் பதினாறு நாள் நடக்க இயலாது. ஆனால், விடுமுறைக்குக் கடல் பார்க்கப் போகிற நாம் அந்த வழியாக ஒருமுறை போய்வரலாம். மாத்தளையில் ஓரிடம், காட்டோரக் குளக்கட்டில் ஓரிடம், தலைமன்னார் முனையில் ஓரிடம் என்று நிறுத்தி, நம் பிள்ளைகளுக்குக் கதை சொல்லலாம். போவதற்கு முன், வீட்டிலுள்ள முதியவரிடம் ஒரேயொரு கேள்வி கேட்டு, விடையை ஒரு கொப்பியில் திகதியிட்டு எழுதி வைக்கலாம்: "நம்மவர் எந்தத் துறையில் ஏறினார்கள்?" மலையகத்தின் லயத்தையும் கொழுந்தையும் கதையாக்கிய எழுத்தாளர்கள் நமக்கு உண்டு. அந்த வழியை எழுதுவதற்கு இவ்வாறான சிறு குறிப்புகளாவது நம் கையில் வேண்டும்.

திரும்பும்போது மழை தொடங்கியிருந்தது. கினிகத்தேனை ஏற்றத்தில் மூடுபனி கண்ணாடியை மறைக்க, மகள் உறங்கிவிட்டாள். அவளுடைய கொப்பியின் கடைசிப் பக்கத்தை மறுநாள் பார்த்தேன். கடலின் படம் வரைந்து, அதன் கீழே 'தொண்டி' என்று எழுதியிருந்தாள்.

மன்னாரிலே என்ன இருக்கிறது என்று கேட்ட நண்பருக்கு இதுதான் என் விடை.